பாலனுக்கு மூன்றாம் சட்டை

வரிசையின் கடைசிக் கண்ணியில் சிவப்பு வயர்த் துண்டு ஒன்றை மாட்டிவிட்டுத்தான் அராசேலி திரும்பிப் பின்னுவாள். இல்லாவிட்டால் திருப்பத்தில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது. போகப் போகச் சட்டை புனல்போலக் குறுகுகிறது. இரண்டு முறை அப்படி ஆகிப் பிரித்தாயிற்று.

மெக்சிகோவின் புவெப்ளா நகரத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவள். மதியத்தில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, சோளமாவுத் தமால் தின்ற கையைத் துடைத்துவிட்டு குரோஷா ஊசியை எடுப்பாள்.

"என்னக்கா, லிஃப்ட் ரோப்புக்கு ஸ்வெட்டரா?" என்பான் கூட வேலை செய்யும் நாபோர்.

"உன் வாய்க்கு மூடி. கிட்ட வா, அளவெடுக்கணும்."

சட்டை, தெருவுக்குப் பொதுவான பாலன் ஏசு சொரூபத்துக்கு. பிப்ரவரித் திருநாளில் பாலனுக்குப் புதுச் சட்டை போட்டுப் பூசைக்குத் தூக்கிப்போக வேண்டும். ஞானத்தாயாக நிற்பவளுக்கு மூன்று வருடம் அந்தப் பொறுப்பு. அம்மா இரண்டு வருடம் தன் கையால் பின்னிப் போட்டாள். மூன்றாவதற்கு நூல் வாங்கி வைத்தவள் நவம்பரில் செத்துப்போனாள்.

அடக்கத்துக்கு சோனா சித்தி வரவில்லை, முழங்கால் வலி. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் வந்து அம்மாவின் ஊசிப்பெட்டியையும் பழைய பாலன் சட்டைகளையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். அன்றைக்கு வலி இல்லை.

"ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்குடி? பாலனையும் என்கிட்ட குடுத்துரு. நான் ஞானத்தாயா நின்னுக்கறேன்."

"அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு சித்தி. நான் போடறேன்."

"நீயா? சரி, பாப்போம்."

நூல் கட்டிலடியில் கிடந்ததால் தப்பியது. தெருவில் பின்னத் தெரிந்தவர்கள் எல்லாரும் சித்தியின் தோழிகள். அராசேலி யாரையும் கேட்கவில்லை. பச்சைக்குழந்தை ஸ்வெட்டர் வீடியோ ஒன்றைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பாலனின் மார்பு, கழுத்து, கை எல்லாவற்றையும் வேலைக்கு வைத்திருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தாள்.

திருநாள் காலையில் சட்டை தலைவழியே இறங்கியது. கையில் நின்றுவிட்டது. பாலனின் பிளாஸ்டர் கைகள் மடங்காமல் நீட்டியபடியே இருந்தன.

வாசலில் நின்ற சித்தி சிரித்தாள். "அவரு என்ன, கையை மடக்கிக் குடுப்பாரா? முதுகைத் திறந்துவிட்டுப் பின்னி ரிப்பன் கட்டணும். உங்கம்மா அப்படித்தான் போடுவா. பாத்ததே இல்லையாடி?" கைப்பையிலிருந்து கடைச் சாட்டின் சட்டை ஒன்று வெளியே வந்தது. "நவுரு. மணி அடிச்சாச்சு."

அராசேலி கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை முதுகை நேராக வெட்டினாள். முன்பக்கமாக இரண்டு கைகளையும் நுழைத்தாள். அளவு சரியாக இருந்தது. வெட்டிய இடத்தில் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

தெருவில் சித்தி கூடவே நடந்தாள். "குடு, நான் தூக்கறேன். கை வலிக்கும்."

அவள் கொடுக்கவில்லை. ஆட்கள் நிறுத்தி நிறுத்திப் பாலனின் பாதத்தை முத்தமிட்டார்கள். சட்டை அழகு என்றார்கள். அராசேலி விரித்த உள்ளங்கையைப் பாலனின் முதுகில் அழுத்தியபடியே நின்றாள். கண்ணைத் துடைக்கக்கூட அதை எடுக்கவில்லை.