தொண்ணூற்று நான்கு சதவீத ரிஜெக்‌ஷன்

போன சனிக்கிழமை காலை. காபியை வாயில் வைக்கப் போகிறேன்... மாடி போர்ஷன் முத்துப்பாண்டி வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

முத்துப்பாண்டி விருதுநகர்க்காரன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருந்தது.

"அண்ணே, தொண்ணூத்தி நாலு பர்சென்ட் ரிஜெக்சன்ணே! எங்க கம்பெனில ரெண்டு பர்சென்ட் போனாலே லைனை நிப்பாட்டிருவாங்க. செல்விகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

வாங்கிப் பார்த்தேன். சரியான வடிவத்தில் இருந்த விந்தணுக்கள் ஆறு சதவீதம். மீதியில் தலை பெருத்தவை, வால் வளைந்தவை, இரட்டைத் தலை வேறு. பழக்கதோஷம் — ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் காரணம் எழுதி வைத்திருந்தான். 'தலை பெரிசு — மோல்டு தேய்மானமா?' 'வால் வளைவு — பேக்கிங் கோளாறா?'

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பாவம், அப்பா ஆவோமா மாட்டோமா என்று தவிக்கிறவன் முன்னால் சிரிக்கலாமா?

அதற்குள் அவன் மனைவி செல்வி இறங்கி வந்தாள். ஒரகடம் பக்கத்து மண்ணூர்ப் பெண். பேப்பரைப் பிடுங்கினாள்.

"இதை இன்னாத்துக்குயா ஒளிச்சிகினு கீற? வா, டாக்டரம்மாவையே கேட்டுக்கலாம்."

என் காரில்தான் போனோம். டாக்டரம்மா சிவப்பு மையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நூத்துல நாலு ஒழுங்கா இருந்தாலே நார்மல்பா. உனக்கு ஆறு! எண்ணிக்கை, ஓட்டம் எல்லாமே நல்லா இருக்கு."

பிறகு விளக்கினார். ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். சூடு ஆகாது — அதனால்தான் அந்த டிபார்ட்மென்ட்டே உடம்புக்கு வெளியே! கோடிக்கணக்கில் கிளம்பும். பெரும்பாலானவை வழியிலேயே காலி. மிஞ்சியதில் பாதி, முட்டை இல்லாத பக்கத்துக் குழாய்க்குள் போய்விடும். முட்டையின் வாசல்வரை போவது சொற்பம். உள்ளே நுழைவது ஒன்றே ஒன்று.

முத்துப்பாண்டிக்கு மனம் ஆறவில்லை. "இம்புட்டு வேஸ்ட்டை வச்சிக்கிட்டு எப்படி மேடம் புரொடக்சன் ஓட்டுறது?"

செல்வி பட்டென்று சொன்னாள்: "யோவ், நாம கேக்கறதே ஒரே ஒரு பீஸுயா!"

அவன் அவளையே பார்த்தான். பேனாவைப் பையில் செருகினான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான்.

யோசித்தால் நாம் எல்லோருமே அப்படி முந்தி வந்தவர்கள்தானே? வீட்டுக்கு வந்து, "கோடியில் பாஸான ஒரே பீஸ் நான்!" என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கு இன்ஸ்பெக்டர் லீவு போல..."