எந்தக் கேட்டேன்?

தமயந்தியைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றி எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. 1978ஆம் வருஷம் ஆடி மாதம், நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர வந்த முதல் நாள். கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம், முன்பின் தெரியாத எலக்ட்ரீஷியன் ஒருவர் எந்த செக்‌ஷன் என்று விசாரித்தார். சொன்னதும் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அங்க தமயந்தினு ஒரு அம்மா இருக்கு. வாயக் குடுக்காத. எவன் வூட்ல என்ன சண்டை, எவன் யாருகிட்ட கெஞ்சிகினு இருக்கான், எல்லாம் அதுக்குத் தெரியும்."

அந்த அம்மாள் அப்படி ஏதாவது யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"சொல்லாதுப்பா. அதான் பயமா இருக்கு."

நான் கம்மாபுரம் பக்கத்துக்காரன். பெயர் குஞ்சிதபாதம். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் வீட்டிலிருந்து பி.ஏ. முடித்தவன் என்பதை இன்றைக்கும் நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. படித்தது தத்துவம். கல்லூரியில் அந்தப் பாடத்தில்தான் இடம் காலியாக இருந்தது. அது என்ன படிப்பு என்று ஊரில் கேட்டவர்களுக்கு, எது சரி, எது தப்பு என்று ஆராய்கிற படிப்பு என்று சொல்லிவைத்தேன். அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷமா என்றார் என் மாமா.

தமயந்திக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சாத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையோடு இருந்த தாயாருடன் கம்பெனி டவுன்ஷிப்பில் பதினேழாம் பிளாக்கில் குடியிருந்தார். நான் போனபோது, வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டுக்கு முன்னால் உயர நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் ஹெட்செட்டுடன், கம்பிகளை ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே என்ன படித்திருக்கிறாய் என்றார். சொன்னேன்.

"தத்துவமா? அப்ப ஒண்ணு கேக்கறேன். மெட்ராசுக்கு ஒரு லைன்தான் கிடைக்குதுன்னு வச்சுக்கோ. ஒருத்தர் ரெட்டைக் காசு கட்டி அர்ஜென்ட் கால் போட்டிருக்கார். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வர முடியலைன்னு சொல்லணும். இன்னொருத்தர் சாதா கால். அவரோட அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கார். யாருக்கு முதல்ல குடுப்ப?"

விதிப்படி அர்ஜென்ட் காலுக்குத்தான் என்றேன். விதி தனக்கும் தெரியும் என்றும், என் படிப்பு என்ன சொல்கிறது என்பதே கேள்வி என்றும் சொன்னார். சேர்ந்த நாளிலேயே படிப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை. தேவை யாருக்கு அதிகமோ அவருக்கே முதலிடம் தரவேண்டும் என்று, பரீட்சையில் எழுதுவதுபோல நாலு வாக்கியம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சரி. ஆஸ்பத்திரி விஷயம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒட்டுக்கேட்டியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த அம்மாள் தெரிந்துகொள்வதற்காகக் கேள்வி கேட்பவர் அல்ல. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. வேலை குறைந்திருக்கும் நேரங்களில் இப்படி ஏதாவது வரும். வீட்டில் இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொல்கிற அதிகாரிக்காக நாம் இல்லை என்று சொன்னால் பொய் யாருடையது? புருஷன் அடிக்கிறான் என்று தாய்க்குப் போன் போட்டு அழுகிற பெண் நம் பக்கத்து வீட்டுக்காரி என்றால், மறுநாள் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? நான் அளந்துதான் பதில் சொல்வேன். என் வாயிலிருந்து எதையோ பிடுங்கி மேலே கொண்டுபோகத்தான் இதெல்லாம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அவர் மேலிடத்து ஆள் என்று யூனியன்காரர்களும், யூனியன் ஆள் என்று மேலிடத்தில் சிலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

டவுன்ஷிப்பும் அவரிடம் அப்படித்தான் நடந்துகொண்டது. கம்பெனி பஸ்ஸில் அவர் ஏறினால், அதுவரை நாத்தனாரைக் கரித்துக்கொட்டிய பெண்கள் கத்தரிக்காய் விலைக்கு மாறிவிடுவார்கள். பால் பூத்தில் அவருக்கு முன்னால் நிற்பவர் ஒரு எட்டு தள்ளி நிற்பார். அவரும் யாரிடமும் எதையும் விசாரிக்க மாட்டார். பிள்ளை பாஸ் பண்ணினானா, ஊருக்குப் போனீர்களா என்றுகூட இல்லை. திமிர் என்றார்கள். இப்போது யோசித்தால், கேட்பது அவருக்குத் தொழிலாக இருந்ததால் வெளியில் கேட்காமல் இருந்தாரோ என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மறுவருஷம் மாசியில்தான் அந்த விவகாரம் வெடித்தது. பின்னால் விசாரணையில் தெரியவந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினேழாம் பிளாக்கில் தமயந்தியின் எதிர்வீட்டில் மருதமுத்து என்பவர் இருந்தார். சுரங்கத்தில் ஹெல்பர். உள்ளூர்க்காரர். அவர் மகள் செங்கமலத்துக்கு மாப்பிள்ளை பேசி, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. பையன் பெயர் தனகோடி. பட்டறைப் பிரிவில் வெல்டர், பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். நெய்வேலியில் ஒரு மாப்பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன் வரை எல்லாம் அதற்குள் அடக்கம். காண்ட்ராக்ட் என்றால் நாளைக்கு வேலை உண்டா என்பதை மேஸ்திரிதான் சொல்ல வேண்டும். கேட்டது பர்மனென்ட் மாப்பிள்ளைக்கு உரிய சீர். ஊரில் மிச்சமிருந்த துண்டு நிலத்தை விற்க மருதமுத்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனுடைய அண்ணன் சிங்காரவேலு ஒரு நாள் நெல்லிக்குப்பத்தில் இருந்த தாய்மாமனுக்கு டிரங்க் கால் போட்டார். தம்பி இன்னும் காண்ட்ராக்ட்தான், இன்றோ நாளையோ பர்மனென்ட் ஆகிவிடும், பெண் வீட்டார் வந்து விசாரித்தால் நீங்களும் பர்மனென்ட் என்றே சொல்லுங்கள் என்பது பேச்சு. அந்தக் காலை இணைத்தவர் தமயந்தி.

ஐந்தாறு நாள் கழித்து, காலையில் பால் பூத்தில், மருதமுத்துவின் மனைவி மாணிக்கம்மாளிடம் தமயந்தி ஒரே ஒரு வார்த்தை பேசினார். "மாப்பிள்ளை வேலை பர்மனென்டா, காண்ட்ராக்டா?" பர்மனென்ட் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள் அவள். தமயந்தி தலையை ஆட்டிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதே கேள்வியை அந்தத் தெருவில் பத்துப் பெண்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் பதறாத மாணிக்கம்மாள், தமயந்தி கேட்டதும் பாலை அடுப்பில் வைக்காமலே புருஷனை எழுப்பிவிட்டாள். மருதமுத்து பட்டறைக்குப் போய், தெரிந்தவர்களை வைத்துப் பார்த்ததில் தனகோடி காண்ட்ராக்ட் ஆள் என்பது தெரிந்தது. தாம்பூலத் தட்டு திரும்பிப் போனது.

தமயந்தி கேட்ட கேள்விதான் காரணம் என்று தெருவில் பேச்சு பரவியதும், சிங்காரவேலு நேராக எங்கள் சூப்பர்வைசர் சண்முகசுந்தரத்திடம் புகார் கொடுத்தார். லைனில் கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று சேரும்போதே நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சொன்னது நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். படுக்கையில் இருக்கும் தாயாரோடு தமயந்திக்குப் போக்கிடம் இல்லை என்பது எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் தெரியும்.

சண்முகசுந்தரத்தின் அறையில் மத்தியானம் விசாரணை. மருதமுத்துவும் மாணிக்கம்மாளும் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கால் போன அன்று பக்கத்துப் போர்டில் இருந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார். சிங்காரவேலு நின்றுகொண்டேதான் பேசினார்.

"நான் போன்ல பேசனது, என் மாமனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அது பால் பூத்துக்கு எப்படி சார் போச்சு? கம்பி எறங்கி நடந்து போயி சொல்லிச்சா?"

தம்பி காண்ட்ராக்டா இல்லையா என்று மருதமுத்து நடுவில் கேட்டார். அது வேற விஷயம் என்று சிங்காரவேலு அவரை அடக்கினார். உண்மையில் அது வேறு விஷயம்தான். அன்றைக்கு அந்த அறையில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பொய் சொன்னவனாக இருந்தாலும் அவன் போன் அவனுடையது.

சண்முகசுந்தரம் காகிதத்தில் பேனாவை வைத்தார். விசாரணை தமிழில் நடக்கும். அறிக்கை இங்கிலீஷில் எழுதுவார்.

"தமயந்தி, அன்னைக்கு அவர் பேசினதை நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"ஏன்?"

"மூணு நிமிஷம் ஆனா, இன்னும் பேசறீங்களான்னு லைன்ல புகுந்து கேக்கணுமே. அதுக்குக் கீயைத் தட்டினேன். தட்டினா காதுல விழும்."

"விழுந்ததை இந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலை. கேட்டேன்."

பேனா நின்றது. சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கேட்டேன்மா? காதால கேட்டதா, வாயால கேட்டதா? நான் இங்கிலீஷ்ல எழுதணும். ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை."

"லைன்ல காதால கேட்டேன். பால் பூத்துல வாயால கேட்டேன். சொல்றது மட்டும் எங்கயும் செய்யலை."

மாணிக்கம்மாளை விசாரித்தார். அந்த அம்மாள் ஒன்றுமே சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு ஏன் பதறினாய் என்றதற்கு, "அது வந்து ஒருத்தர ஒரு வார்த்த கேட்டு நான் பாத்ததில்லீங்க. அதுவே கேக்குதுன்னா, தெரிஞ்சிகினுதானங்க கேக்குது" என்றாள். உதவி செய்யத்தான் சொன்னாள். தமயந்திக்கு அதைவிடப் பாதகமான சாட்சி வேறு இல்லை.

சண்முகசுந்தரம் என் பக்கம் திரும்பினார். கீ அதிக நேரம் திறந்திருந்ததா என்றார். என் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியாது என்றேன். அது உண்மை. அப்புறம் பாதி கேலியாக, பாதி நிஜமாகவே வழி தெரியாமல், "தத்துவம் படிச்சவனாச்சே நீ. கேள்வி கேக்கறது சொல்றதாகுமா? நீ சொல்லு" என்றார்.

மூன்று வருஷம் படித்த படிப்பை ஒருவர் வேலைக்காக உபயோகிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை.

"பதில் தெரியாம கேட்டா அது கேள்வி சார். தெரிஞ்சுகினு, அவங்க பதறுவாங்கன்னும் தெரிஞ்சுகினு கேட்டா, சொன்ன மாதிரிதான்."

சிங்காரவேலு பெஞ்சில் உட்கார்ந்தார். சண்முகசுந்தரம் வெகுநேரம் எழுதினார்.

வெளியில் வராந்தாவில் தமயந்தி எனக்காக நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் தாயாரைச் சொல்லி அழுவார் என்று. அவர் சாதாரணமாக, "சரியாத்தான் சொன்ன தம்பி. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

"அப்பறம் ஏங்க்கா கேட்டீங்க?"

அக்கா என்று அன்றைக்குத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அவங்க வீட்டுல பந்தல்காரன் வந்து அளந்துட்டுப் போறான், அதையும் பாக்கறேன். வாயை மூடிட்டு ஜன்னலைச் சாத்த முடியலை. சொல்லாம சொல்ல ஒரு வழி தேடினேன். கள்ள வழிதான். அடுத்த தடவையும் இதையேதான் செய்வேன், அதனால என்னை இந்தப் போர்டுல வைக்கக் கூடாது."

இது நேர்மையா, இல்லை விசாரணைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும் நியாயமா என்று அன்று எனக்கு நிச்சயமாகவில்லை. மாசக்கணக்கில் மனதுக்குள் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். ஆனால் என் தங்கை போனில் பேசும்போது இப்படி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் நான் சம்மதிப்பேனா என்று அடுத்த நாள் தோன்றும். சண்முகசுந்தரம் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

செய்தியைச் சொன்னதாக நிரூபணம் இல்லை என்று அறிக்கை போனது. வேலை போகவில்லை. ஆனால் போர்டில் இருக்கத் தகுந்தவர் அல்ல என்று அதே அறிக்கையில் இருந்தது. மறுவாரமே கம்பெனி ஆஸ்பத்திரிக்கு மாற்றல்.

மருதமுத்து வீட்டில் நன்றி சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள்தான் முதலில் கதவைச் சாத்தினார்கள். நம் வீட்டுப் பேச்சில் இன்னும் என்னென்ன கேட்டு வைத்திருக்கிறாளோ என்று மாணிக்கம்மாள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். செங்கமலத்தை விருத்தாசலத்தில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. துண்டு நிலம் விற்காமல் அவர்களிடமே இருக்கிறது. தனகோடி இரண்டு வருஷம் கழித்து பர்மனென்ட் ஆகிவிட்டான். அன்றைக்கே சொன்னேனே, பொய்யா சொன்னேன் என்று சிங்காரவேலு ஸ்வீட் பாக்கெட்டோடு எக்ஸ்சேஞ்ச் வரை வந்து கேட்டுவிட்டுப் போனார். ஸ்வீட்டை சண்முகசுந்தரம் வாங்கிக்கொண்டார்.

இது 1986. தமயந்தி அக்கா ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் பதிகிற ஜன்னலில் இருக்கிறார். பெயர் என்ன, வயது என்ன, உடம்புக்கு என்ன என்று வரிசையில் வருகிறவர்களையெல்லாம் கேட்பதுதான் இப்போது அவருக்கு வேலை. தாயார் இறந்து மூன்று வருஷமாகிறது. அதே பதினேழாம் பிளாக்கில் தனியாகக் குடியிருக்கிறார்.