சுண்ணாம்புக் கோட்டில் ஒரு ரோடு

நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் போடியிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டோரத்தில் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியக்காலையில் மேலே போகும், சாயங்காலம் கீழே வரும். இறங்கும்போது அவற்றுக்கு அப்படி என்னதான் சோலியோ, ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். நிற்பதும் எங்கள் கேட்டுக்கு எதிர்ப்பக்கம்தான். அம்மா வரும்வரை காத்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நானும் காத்திருப்பேன். விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

ரோட்டைத் தாண்டச் சொல்லிக்கொடுப்போம் என்று மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு ரோடு போட்டேன். யார் நடக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கைகூட எழவில்லை. அத்தனை பேருக்கும் ஜீப்பாக வேண்டும். ரெண்டாம் வகுப்புக்காரி ஒருத்தி லோடு ஜீப்பாகவே மாறிவிட்டாள்: முதுகில் அவள் பை, வயிற்றில் அடுத்தவள் பை, வாயில் ஹாரன். அவளைப் பிடித்து நடக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் கற்றுக்கொண்டால் கற்பூரம். நின்றாள், வலது, இடது, மறுபடி வலது பார்த்தாள், ஓடாமல் நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான் நின்றது. ஜீப்பிலிருந்து இறங்கிய அவள் அம்மா, மலைமேல் கடையில் வாங்கிய பழம்பொரிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "ஏ பாப்பா, வெரசா ஓடியா!" என்றாள். பிள்ளை பறந்துவிட்டது. என் கைக்கு எட்டியது அவள் ரிப்பன் நுனிதான். பின்னால் வந்த ஜீப்பு கிறீச்சிட்டு நின்றபோது பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அம்மாக்காரி ஓடிவந்து முதலில் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். பயந்துவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அவள ஏன் அடிக்கிற? கூப்புட்டது நீதான?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பெற்றவள் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வலதும் இடதும் பார்க்கும்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாமார்களை வரச்சொல்லி அதே சுண்ணாம்பு ரோட்டில் நிறுத்தினேன். நடக்கிறதுக்குமா பாடம் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜீப்பு வேலை பிள்ளைகளுக்கு. கும்மாளத்தைக் கேட்க வேண்டுமா! எதிரில் நின்று கூப்பிடக் கூடாது, நீங்களே தாண்டி வந்து கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் பாடம் என்றேன். தலையை ஆட்டினார்கள்.

திங்கட்கிழமை ஜீப்பு வந்தது. அவள் அம்மா இறங்கினாள். கூப்பிடவில்லை, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பிள்ளையின் தோளை நான் இறுகப் பிடித்திருந்தேன். பரவாயில்லையே என்று நான் நினைக்கும்போதே, அவள் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ரோட்டில் காலை வைத்துவிட்டாள்.

"நில்லும்மா!" என்று கத்தியவள் என் பிடியில் இருந்தவள்தான். "ரெண்டு பக்கமும் பாரு. டீச்சரு வைவாங்க."

அம்மா காலைப் பின்னுக்கு இழுத்தாள். மூட்டை ஏற்றிய ஜீப்பு ஒன்று, நின்றிருந்த ஜீப்பை முந்திக்கொண்டு அவள் சேலையை விசிறிவிட்டுப் போனது. அது போன பிறகு வலது பார்த்தாள், இடது பார்த்தாள், மறுபடி வலது பார்த்தாள். ரோடு காலியாகத்தான் கிடந்தது. அப்போதும் அவள் வரவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வா," என்றாள் மகள்.