புத்தூரில் இறங்குவதா, வேண்டாமா?

இன்று ரேணிகுண்டாவில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். எதிரே கை முறிந்த ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி.

"புத்தூருல எறங்கி எலும்புக்கட்டு போட்டுக்கலாமா, பட்டணம் போயி வெள்ளக்கார டாக்டர்கிட்ட காட்டலாமா? நீங்க இன்னா சொல்றீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார்.

சும்மா இருப்போமா? பாதிப் பேர் புத்தூர் என்றார்கள், பாதிப் பேர் பட்டணம் என்றார்கள். நான் இரண்டு கட்சிக்கும் பேசினேன்.

புத்தூரில் வண்டி நின்றது. "இன்னும் ஒருத்தர கேட்டுக்கினு..." என்று அவர் இழுக்கும்போதே, மனைவி சொம்போடு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். பதறிப்போய் அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

வண்டி நகர்ந்தது. அவள் குரல் எங்கள் ஜன்னல்வரை கேட்டது:

"நான் தண்ணி மொண்டாரத்தான் எறங்கனேன். நீ இன்னாத்துக்குய்யா எறங்கன?"

இருவரும் போகிற ரயிலைப் பார்த்தார்கள். பிறகு அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்தக் கை நேராகுமா? தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். பெட்டியில் இன்னும் அதே வாதம்.

இப்போதுதான் நினைவு வருகிறது, நானும் புத்தூரில் இறங்க வேண்டியவன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பட்டுமா, இல்லை பட்டணத்தையே பார்த்துவிட்டு வரட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?