ரேகை விழாத கைநாட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, காட்பாடியில் என் வீட்டு வாசலில் மாசிலாமணி வந்து நின்றார். வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தே வந்திருக்கிறார் என்பது அவர் காலில் இருந்த புழுதியைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பத்திரிகையை மடித்துவிட்டு, காலங்கார்த்தாலே என்ன என்று சிடுசிடுத்தேன். “ஐயா பூட்டாருங்க. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். எந்த ஐயா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான ஐயா ஒருவர்தான். உள்ளே வரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

வக்கீல் வரதப்ப முதலியாரை அறிந்த உங்களுக்கெல்லாம் என்னையும் தெரியும். வரி ஆபீசில் இருபது வருஷம் அவருக்கு முட்டுக்கட்டையாக உட்கார்ந்திருந்த தலைமைக் குமாஸ்தா நான்தான். அவர் படியேறும் இருமல் சத்தம் கேட்டாலே, வந்துவிட்டது தொல்லை என்று வாய்விட்டுச் சொல்வேன். அப்படிப்பட்டவன் சுடுகாட்டில் கடைசி ஆளாக நின்றதைப் பார்த்துச் சிலர் அதிசயப்பட்டதாகக் கேள்வி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரன் மடியிலிருந்து காகிதக்கட்டை எடுத்தால், “அது கிடக்கட்டும், மொதல்ல உன்னைப் பார்க்கிறேன்” என்பார். என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், வீட்டில் யாருக்குப் படிக்கத் தெரியும் என்று அரைமணி நேரம் பேசிய பிறகுதான் காகிதத்தைத் தொடுவார். வேலை மெனக்கெட்ட பழக்கம் என்று நான் கேலி செய்வேன். ஒரு தரம் பதிலுக்கு, “சட்டத்துல ‘போதிய காரணம்’னு ரெண்டு வார்த்தை போட்டிருக்கான் சார். அது காகிதத்துல இருக்காது, ஆளுகிட்டதான் இருக்கும்” என்றார். வக்கீல் பேச்சு என்று அதைத் தள்ளிவிட்டேன்.

வருமான வரிக்கான வரம்பைக் கீழே இறக்கிய சமயம் அது. அதுவரை வரி என்றால் என்னவென்றே தெரியாத சின்ன மனிதர்களெல்லாம் எங்கள் வலைக்குள் வந்தார்கள். பெயர்களைத் திரட்ட எங்களுக்கு இருந்த சுலபமான வழி ரயில்வே புக்கிங் பட்டியல். ஆம்பூரிலிருந்து சென்னைக்குத் தோல் அனுப்பியவர்கள் பெயரை நானே உட்கார்ந்து நகல் எடுத்தேன். அதில் மாசிலாமணி என்ற பெயர் அடிக்கடி வந்தது. பெரிய வியாபாரி போலிருக்கிறது என்று நினைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

மாசிலாமணி வியாபாரி இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து, தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். விலை சரிந்து முதலாளி ஷாப்பை மூடியபோது, கூலி பாக்கிக்கு ஈடாக நான்கு தொட்டிகளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். இவரும் பக்கத்து வீட்டார் மூன்று பேரும் ஆட்டுத்தோல் வாங்கி ஆளுக்கொரு தொட்டியில் பதனிட்டார்கள். தனித்தனியாக அனுப்பினால் ரயில் கூலி கட்டுபடியாகாது. ஆகவே நான்கு வீட்டுத் தோலையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒருவர் பேரில் புக் செய்வது அங்கே வழக்கம். அந்த ஒருவர் இவர். நான்கு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டை ஒரே ஆளின் தலையில் ஏற்றிக் கணக்குப் போட்டிருந்தேன் நான்.

கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. கெடு தாண்டியும் பதில் இல்லை. அதிகாரி தம் யூகப்படி ஒரு வரியைப் போட்டு, தாக்கல் செய்யத் தவறியதற்குத் தண்டமும் சேர்த்தார். அந்த உத்தரவு தபாலில் போனது. தபால்காரர் படித்துச் சொன்னபோதுதான் மாசிலாமணிக்கு இப்படி ஒரு விவகாரம் இருப்பதே தெரிந்ததாம். வரியையும் தண்டத்தையும் நீக்கக் கேட்டு மனுப் போட ஒரு மாதம் அவகாசம் உண்டு. அவர் பழைய முதலாளியைத் தேடிப் போனார், பிறகு மனு எழுதுகிறவரிடம் போனார், பள்ளிகொண்டாவில் யாரோ சிபாரிசு செய்வார் என்று கேட்டு அங்கேயும் போய் வந்தார். வரதப்ப முதலியாரிடம் வந்து சேர்ந்தபோது நான்கு நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. சனிக்கிழமை ஜப்தி.

ஜப்தி என்றால் நான்கு தொட்டிகளுக்கும் முத்திரை விழும். ஏலம் முடியும் வரை யாரும் உள்ளே கை விடக்கூடாது. தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை எடுத்து மயிர் சுரண்ட வேண்டிய தோல். சுண்ணாம்பில் இன்னும் இரண்டு நாள் கிடந்தால் தோல் கையோடு பிய்ந்து வரும், நாய்கூட முகராது. தோல் வாங்கிய கடனுக்கு நான்கு வீட்டாரும் தாலிக்கொடி வரை அடகு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் வக்கீல் எனக்குச் சொன்னது வியாழக்கிழமை பிற்பகல். நான் பேனாவை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நோட்டீஸ் சேர்ந்ததற்கான சீட்டைக் காட்டுங்கள் என்றார். காட்ட வேண்டிய கட்டாயமில்லை என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்புவதைவிடச் சீட்டை எடுப்பது சுலபம் என்று காகிதக்கட்டை அவிழ்த்தேன். பெற்றுக்கொண்டவர் மாசிலாமணி என்று பியூன் எழுதி, பக்கத்தில் கைநாட்டு வாங்கியிருந்தான். கீழே, சரிபார்க்கப்பட்டது என்று என் கையெழுத்து. முதலியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ரேகை அழகா விழுந்திருக்கு” என்றார். “முப்பது வருஷம் சுண்ணாம்புல ஊறின கையில ரேகை எங்க சார் இருக்கும்?”

அந்த ரேகை மாசிலாமணியுடையது இல்லை. அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் பியூன்கள் தோல் ஷாப் தெருக்களுக்குள் கால் வைப்பதில்லை. நாற்றம் என்பார்கள். நாற்றம் மட்டும் காரணமில்லை என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்ட எனக்கும் தெரியும். ரயிலடிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தத் தெருக்காரன் என்று தோன்றுகிற எவனையாவது கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். அவன் அதை உரியவனிடம் சேர்த்தால் உண்டு. வருஷக்கணக்காக நடந்த இந்த வழக்கத்தின் கீழே நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வந்தேன்.

முதலியார் சீட்டை என் மேஜைமேலேயே வைத்தார். குரலைத் தாழ்த்தி, நாளை இதை அதிகாரியிடம் சொல்லப்போகிறேன், பியூனுக்கு அடி விழும், உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்றார். மிரட்டுகிறீரா என்று நான் கத்தினேன். அடுத்த அறை வரை கேட்டிருக்கும்.

“இல்ல சார். தெரியாம அடிபட்டா வலி ஜாஸ்தி. அதனாலதான் முன்னாடியே சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஆபீசைப் பூட்டும்போது அந்தச் சீட்டு என் கோட்டுப் பையில் இருந்தது. ஒளித்துப் பேசிப் பிரயோஜனமில்லை. அது தொலைந்துபோனால் நல்லது என்றுதான் நினைத்தேன். சீட்டு இல்லாவிட்டால் பதிவேட்டில், நோட்டீஸ் சேர்ந்தது என்று நான் எழுதிய பதிவு மட்டும் மிஞ்சும். எனக்கு நோட்டீஸ் வரவில்லை என்று மனுப் போடாத ஆள் கிடையாது. மாசிலாமணியும் அவர்களில் ஒருவராகிவிடுவார். எனக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள், பதவி உயர்வுப் பட்டியல் மேலிடத்தில் இருந்தது. இவற்றை அப்போது எனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அவசரத்தில் இருந்தார். மாலை ரயிலில் ஜோலார்பேட்டைப் பக்கம் சுற்றுப்பயண காம்ப். பெட்டி படுக்கையெல்லாம் வராந்தாவில் கட்டி வைத்தாகிவிட்டது. அவர் போய்விட்டால் உத்தரவு அடுத்த வாரம்தான். மாசிலாமணி அறை வாசலுக்கு வெளியே நின்றார். முதலியார் அவரை உள்ளே கூப்பிட்டதும் அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அன்று அந்த மனிதரை நான் மனத்துக்குள்கூட அவன் என்றுதான் சொன்னேன்.

முதலியார் மசிப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். மாசிலாமணியின் கட்டைவிரலைத் தம் கையால் பிடித்து, மசியில் ஒற்றி, வெள்ளைக் காகிதத்தில் அழுத்தினார். மூன்று தரம். மூன்று கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை. அதிகாரி கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். இனி சீட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும் என்றார் முதலியார்.

அதிகாரி கட்டைப் புரட்டினார். சீட்டு இல்லை. என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். பதிவேட்டில் பதிவு இருக்கிறது, அது போதாதா என்று ஆங்கிலத்தில் ஏதோ முனகினேன். அதிகாரி கடிகாரத்தை எடுத்தார். வாசலில் வண்டிக்காரன் மாட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

நேற்று இதே சீட்டை என் கண்ணால் பார்த்தேன் என்று முதலியார் சொல்வார் என்று நினைத்தேன். நான் காத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் மறுத்துவிடலாம், அவருக்குச் சாட்சி இல்லை. அவர் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மாசிலாமணியின் விரலில் ஒட்டிய மசியைத் தம் அங்கவஸ்திர நுனியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்குச் சீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெரிய ஆபீஸ்காரர், தமக்காக எதையோ தேடுகிறார் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது. அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

பைக்குள் கை விட்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். தனியாக எடுத்து வைத்திருந்தேன் என்றேன். அது பாதிப் பொய். அதிகாரி இரண்டு கைநாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எப்படி நடந்தது என்று கேட்டார். பியூன்கள் அந்தத் தெருவுக்குள் போவதில்லை, எனக்கு இது தெரியும், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அது முழு உண்மை.

யூக வரியும் தண்டமும் ரத்து, புதிதாகக் கணக்கு வாங்க வேண்டும், ஜப்தி நிறுத்தப்படுகிறது என்று அதிகாரி நின்றபடியே எழுதினார். நகலை நானே எழுதி முத்திரை குத்தினேன். அதிகாரி முதல் வகுப்பிலும், அந்த நகலை மடியில் கட்டிக்கொண்டு மாசிலாமணி மூன்றாம் வகுப்பிலும் ஒரே ரயிலில் போனார்கள். மறுநாள் காலை நான்கு வீட்டாரும் சேர்ந்து தோலை வெளியே எடுத்தார்கள். பிறகு கணக்கை நான்கு வீட்டுக்கும் பிரித்துத் தாக்கல் செய்தபோது யாருமே வரி வரம்பைத் தொடவில்லை.

பியூனை மாற்றினார்கள். என் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. முதலியார்மேல் எனக்கிருந்த கோபம் தணிய ஒரு வருஷம் ஆயிற்று. கோபம் தணிந்த பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன், சீட்டை முன்தினமே பார்த்ததை ஏன் சொல்லவில்லை என்று. அவர் இருமி முடித்துவிட்டு, “நான் சொல்லியிருந்தா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க” என்றார். அதுவரை அவர் கட்சிக்காரர்களை மட்டும்தான் உட்கார வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னையும் பார்த்து வைத்திருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் நான் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் வாசலில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தீர்கள். வக்கீல்கள், முன்சீப் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாசிலாமணி கடைசியில் வந்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். மசிப்பெட்டி தேடப் போன ஒருவர் திரும்பி வந்து பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் எழுந்து போய் மாசிலாமணியின் கட்டைவிரலைப் பிடித்தேன். அந்தக் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. வழவழவென்று, கூழாங்கல்லைப்போல் இருந்தது. மசியில் ஒற்றி, பக்கத்தின் அடியில் அழுத்தினேன். ஒரு கோடும் விழவில்லை. அதன் பக்கத்தில், இது மாசிலாமணியின் கைநாட்டு, என் முன்னால் வைத்தது என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.