முள்வேலியை எடுத்தவர்

என் மகள் நொண்டுவதற்குப் பன்றிதான் காரணம் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பன்றி அதன் இடத்தில்தான் இருந்தது.

வாலாஜாபாத் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரைக் காணி புன்செய். முழுக்கக் கோரைப்புல். உழ உழக் கிழங்கு உடைந்து இன்னும் அதிகமாக முளைத்தது. என் கணவர் காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியர். நானும் எட்டாவது வரை படித்தவள். எங்கள் படிப்புக்கு அந்தக் கோரை அடங்கவில்லை. ஊருக்கு வெளியே பன்றி வளர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைப் போய்க் கேட்டேன். அவள் வந்து எங்கள் நிலத்தை எட்டுத் துண்டாகப் பிரித்தாள். முதல் துண்டைச் சுற்றிக் கருவேல முள் நட்டு, தன் பத்துப் பன்றிகளை உள்ளே விட்டாள். அவை மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தேடித் தின்றன. மூன்று நாள் முடிந்ததும் முள்ளைப் பிடுங்கி அடுத்த துண்டில் நட்டாள். நான்காவது நாளும் விட்டால் தின்னக் கிழங்கு இருக்காது, மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்கிவிடும் என்பாள்.

ஆறாவது துண்டில் ஒரு பன்றி குட்டி போட்டது. அதற்கு மட்டும் சாலையோர மூலையில் வைக்கோல் பரப்பித் தனியாக வேலி கட்டினாள்.

"யம்மா, பத்து நாளைக்கு இத்த யாரும் கிளப்பக் கூடாது. குட்டி மேல கைய வெச்சா என்னியே கடிக்கும்," என்று என்னிடம் சொன்னாள். நான் அதை மகளுக்குச் சொல்லவில்லை. அவள் அந்தப் பக்கம் போகிறவளே இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் பெருமாள் அந்தச் சாலை வழியாகத்தான் எழுந்தருளுவார். முந்தின நாள் என் கணவரின் பெரியப்பா நான்கு பேரோடு வந்தார்.

"ஏம்மா, பெருமாள் வர வழியில பன்னியப் படுக்க வெச்சிக்கினு இருக்கிறியே, படிச்சவதானே நீ?"

"குட்டி போட்டிருக்குது மாமா. தென்னங்கீத்து கட்டி மறைச்சுடறேன். சாமி கண்ணுல படாது."

"சாமி கண்ணுலயே படாதா? நல்லா படிச்சே போ!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே கீற்றுக் கட்டினேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, சாமி வரும் நாளில் சாலைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று பன்றிக்காரியைத் தடுத்துவிட்டார்கள். அவள் இல்லாத நேரத்தில் பெரிய மாமனாரே முன்நின்று முள்ளை எடுத்தார். தாய்ப்பன்றியையும் குட்டிகளையும் தடியால் அடித்து, மற்றப் பன்றிகள் இருந்த முள்வேலிக்குள் ஓட்டினார்கள். ஒரு குட்டி வைக்கோலுக்குள் தங்கிவிட்டது. சாமி பார்க்கப் போன என் மகளுக்கு அது கத்துவது கேட்டிருக்கிறது. தாயிடம் சேர்க்கலாம் என்று தூக்கினாள். தாய்ப்பன்றி முள்ளைப் பிய்த்துக்கொண்டு வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது.

காலில் என் முந்தானையைக் கட்டி அவளை வண்டியில் ஏற்றினோம். சாமி தாண்டட்டும் என்று வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். மேளம் முழங்கியது. மடியில் என் பிள்ளை அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

உயிர் தப்பினாள். குதிகாலை ஊன்றி நடப்பாளா என்பதை மட்டும் டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

அதற்குள் ஊர் கூடிப் பன்றிக்காரியைத் துரத்திவிட்டது. முள்ளை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, பெண்பிள்ளை சபையில் பேசக் கூடாது என்றார்கள்.

ஆடியில் விதைத்த கேழ்வரகு, பன்றிகள் கிளறிய துண்டுகளில் கோரையில்லாமல் கருகருவென்று வந்தது. பெரிய மாமனார் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்தார்.

"அந்தப் பொம்பள எங்க போச்சுன்னு தெரியுமாம்மா? என் கொல்லியிலயும் கோரை தாங்கல."

உள்ளேயிருந்து மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, குட்டி அவ்ளோ கத்திச்சே. உங்களுக்குக் கேக்கலியா?"

"சாமி வர நேரம்மா..."

"கேட்டுச்சா, இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார். திருமுக்கூடல் பக்கம் பன்றிக்காரி இருப்பது எனக்குத் தெரியும்.

"முள்ள நான்தான் எடுத்தேன்னு ஊர் நடுவுல சொல்லுங்க மாமா. நானே போய் அந்த அம்மாவக் கூட்டிக்கினு வரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். இன்றுவரை சொல்லவில்லை. அவர் கொல்லையில் கோரை முழங்கால் உயரம் நிற்கிறது.