சித்தியின் மாத்திரை

கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் இருந்துவிட்டுச் சித்தி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவள் காதில் யாரோ ஓயாமல் பேசினார்கள். அவளும் பதிலுக்குக் கத்தினாள். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த மாத்திரை அந்தக் கத்தலை நிறுத்தியிருந்தது. கூடவே கைகளை நடுங்க வைத்திருந்தது. வந்த வாரமே பிள்ளை அவள் கையிலிருந்து நழுவ, அம்மா பாய்ந்து பிடித்தாள். அதன்பின் யாரும் பிள்ளையை அவளிடம் கொடுக்கவில்லை.

காலையில் அவள் மாத்திரையை விழுங்குகிறாளா என்று பார்ப்பது என் உத்தியோகம். ஒருநாள் அவள் அதைக் கன்னத்தில் ஒதுக்கி, பிறகு முந்தானையில் துப்பி முடிந்துகொண்டதைப் பார்த்துவிட்டேன்.

"சொல்லிறாத பாப்பா. கை கொஞ்சம் நின்னா புள்ளயத் தூக்கிப் பாத்துக்குறேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கே சத்தம் கேட்டாலும் சித்தியாக இருக்குமோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, சித்தி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கை அவ்வளவாக ஆடவில்லை. ஆனாலும் என் இரண்டு கைகளையும் பிள்ளைக்கு அடியில் நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவள் உதடுகள் அசைவதைக் கண்டேன். அவள் பேசியது பிள்ளையிடம் அல்ல. அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அம்மாவும் சித்தப்பாவும் அவளைத் தோட்டத்து டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சாட்சிக்கு நான். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்திரை சாப்பிட்டபோது எப்படி இருந்தாள், இனி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"சத்தம் இல்லைங்க ஐயா. லயத்துல தலை நிமிந்து நடந்தேன்," என்றார் சித்தப்பா.

"மலைக்குப் போயி கொழுந்து எடுத்தா அது போதுங்க," என்றாள் அம்மா.

டாக்டர் சித்தியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. உங்களுக்கு என்ன வேணும்?"

சித்தி இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "காதுல பேச்சு கொஞ்சம் கேட்டா கேட்டுட்டுப் போகட்டுங்க. திட்டுனாலும் பொறுத்துக்குவேன். கை ஆடக் கூடாதுங்க."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இனி ஒளிக்கக் கூடாது என்று சித்தியிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் அவள் கத்தவில்லை. சில நாள் கொழுந்து மலையில் தனக்குள் முணுமுணுப்பாள். பக்கத்து நிரைப் பெண்கள் விலகிப் போவார்கள். பிள்ளையை அவளே குளிப்பாட்டினாள், அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு முறையும் நான் கைகளை நீட்டிக்கொண்டே பின்னால் போனேன். நோயைப் பாதியில் விட்டுவிட்டாரே என்று பல வருடம் அந்த டாக்டரை மனதுக்குள் திட்டினேன். அந்தப் பாதி, கை ஆடாத சுகமே வேண்டும் என்று சித்தி தானே கேட்டு வாங்கிக்கொண்டது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.